யுவராணி கட்டாத கை

யுவராணியைப் பிழைக்கத் தெரியாதவள் என்று சொல்கிறவர்களில் நானும் ஒருத்தி. அவள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். இப்போது ஆவடிப் பக்கம் எங்கோ வேலை பார்க்கிறாள். அப்போது மண்ணூர்பேட்டையில், வயதான நோயாளிகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஓர் இல்லத்தில் அவள் நர்ஸ், நான் சமையல். முதல் மாடியில் கட்டில்கள், கீழே என் அடுப்பு. மூக்குக் குழாய் வழியாகச் சாப்பிடுகிறவர்களுக்குக் கஞ்சியை மெல்லிய துணியில் வடிகட்டி நான்தான் மேலே கொண்டுபோவேன். அதனால் அங்கே நடந்தது எதுவும் எனக்குத் தெரியாமல் நடந்ததில்லை.

அவளுக்கு வீடு திருமுல்லைவாயிலில். வந்த புதிதிலேயே எல்லோரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டாள். நாங்கள் எல்லாரையும் பொதுவாகத் தாத்தா, ஆயா என்றுதான் கூப்பிடுவோம். "அவங்களுக்குப் பேர் இல்லியா சுதாக்கா?" என்று என்னையே கேட்டாள். உடம்பு துடைக்கும் முன் திரையை இழுத்துவிடுவாள். நினைவே இல்லாமல் கிடப்பவரிடம்கூட, "இந்தப் பக்கமா திருப்பப் போறேன், சரியா?" என்று சொல்லிவிட்டுத்தான் தொடுவாள்.

"அவருக்கு இன்னாடி தெரியப் போவுது?" என்பேன்.

"தெரியாதுன்னு உனக்கு எப்டிக்கா தெரியும்?" என்பாள்.

எரிச்சலாகத்தான் வரும் எனக்கு. ஆனால் அவள் டியூட்டியில் இருக்கும் நாளில் அந்த மாடியில் நாற்றம் இருக்காது, முனகலும் குறைந்திருக்கும். அதையும் சொல்லத்தானே வேண்டும்.

நூர் முகமது பூந்தமல்லியில் பெயின்ட் கடை வைத்திருந்தவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. மகன் பைசல்தான் மூக்குக் குழாயோடு கொண்டுவந்து சேர்த்தான். கெட்ட பிள்ளை என்று சொல்ல மாட்டேன். மெட்ரோவுக்காகக் கடை வாசலைத் தோண்டிப் போட்டிருந்ததில் வியாபாரம் படுத்துப்போய் அவனும் அல்லாடிக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை வருவான், கொஞ்ச நேரம் அப்பாவின் காலைப் பிடித்துவிடுவான், போன் வரும், போய்விடுவான். பாயின் மனைவி வஹீதுன்னிசாவுக்கு முட்டி தேய்ந்துபோயிருந்தது, மாடி ஏற முடியாது. எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. ஒரு தடவை வாசல் வரைக்கும் வந்து, ஆட்டோவில் உட்கார்ந்தபடியே படிக்கட்டைப் பார்த்து அழுதுவிட்டுத் திரும்பிப் போனார்.

பாய்க்கு இடது கை ஒன்றுதான் அசையும். அந்தக் கையால்தான் எல்லா வம்பும். கட்டில் சுவரை ஒட்டி இருக்கும். திடீரென்று உள்ளங்கையால் சுவரைத் தட்டுவார். தட்டிய கை நேரே முகத்துக்குப் போகும். குழாய் விரலில் மாட்டி வெளியே வந்துவிடும். அதோடு விட மாட்டார், செயலற்ற வலது கையைத் தடவப் போவார். அதற்குள் ஆளுக்கொரு பக்கமாக ஓடிவந்து அவரைப் பிடித்துக்கொள்வார்கள். திரும்பக் குழாய் போடும்போது அந்த மனிதர் துடிக்கிற துடிப்பு இருக்கிறதே, பார்க்கச் சகிக்காது. மூக்கில் ரத்தம் வரும்.

மேனேஜர் வரதனுக்குப் பொறுமை போய்விட்டது. "இன்னா சிஸ்டர், எத்தினி வாட்டிதான் போட்டுக்கினே இருப்பீங்க? கைய கட்டில் கம்பியோட கட்டிவுடுங்க. பைசலாண்ட போன்ல கேட்டுட்டேன், சரின்னுட்டாரு."

"என் டியூட்டில கட்ட மாட்டேன் சார்."

"திரும்பப் புடுங்கிக்கினா?"

"நான் பக்கத்துலயே உக்காந்துக்கிறேன்."

பிடித்த பிடியில் நின்றாள். காரணம் எனக்குத் தெரியும். அவளுடைய அப்பா ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் கை கட்டப்பட்ட நிலையில்தான் கடைசி நாட்களைக் கழித்தார். அவிழ்த்துவிடச் சொல்லி மகளையே பார்த்துக்கொண்டிருந்தாராம். அப்போது அவள் சின்னப் பெண், அவிழ்க்கத் தைரியம் வரவில்லை. அதற்குப் பிறகுதான் நர்ஸ் படிப்பிலேயே சேர்ந்தாள்.

சொன்னபடியே செய்தாள். மற்றவர்களுக்கு மருந்து கொடுத்துவிட்டு ஓட்டமாக வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். கை சுவரில் பட்டதோ இல்லையோ, பாதியிலேயே பிடித்துக்கொள்வாள். முரட்டுத்தனம் கிடையாது. தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு, "வேணாம் பாய், உங்களுக்குத்தான் வலிக்கும். நான் கீறேன் இல்ல?" என்பாள். அவர் உருவிக்கொள்ளப் பார்ப்பார். முடியாது. கண்ணை மூடிக்கொள்வார், ஓரத்தில் தண்ணீர் வழியும்.

"ஊட்ட நெனச்சிக்கினு அழுவுறாருக்கா," என்பாள் யுவராணி. எனக்கும் அப்படித்தான் பட்டது. துடைத்துவிட்டு, அந்த வலது கைக்கு எண்ணெய் தேய்த்துவிடுவாள்.

மற்ற ஷிஃப்டில் கட்டத்தான் செய்தார்கள். காலையில் வந்ததும் அவள் செய்கிற முதல் வேலை அந்தக் கட்டை அவிழ்ப்பதுதான். அதற்காகச் சண்டை போட்டாள், கெஞ்சினாள், விடுமுறையைக்கூட எடுக்காமல் வந்தாள். "அந்தாளு உனக்கு மாமனா மச்சானா?" என்று கேட்டுப் பார்த்தேன். காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

அக்கா மகளுக்குக் காதுகுத்து என்று ஒரே ஒரு நாள் லீவு போட்டாள். மறுநாள் விடியும்போது நூர் பாய் போய்விட்டார்.

அவள் மாடிக்கு வந்தபோது முகம் வரை போர்த்தியிருந்தார்கள். போர்வைக்கு வெளியே இடது கை கட்டில் கம்பியோடு கட்டியபடியே கிடந்தது. பாவிகள், உயிர் போன பிறகாவது அவிழ்த்துவிட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. முடிச்சு இறுகிக் கிடந்தது, கத்தரிக்கோலால்தான் வெட்ட முடிந்தது. மணிக்கட்டைச் சுற்றிக் கன்றிப்போயிருந்தது. அதைத் தேய்த்துத் தேய்த்துவிட்டாள். செத்த உடம்பில் தேய்த்தால் போகுமா? எனக்குத் தாங்கவில்லை, கீழே இறங்கிவிட்டேன்.

"கேட்டா ட்ரிப்ஸ் போட்ட எடம்னு சொல்லிடுங்க," என்றார் வரதன். "ஊட்டுக்காரங்க மனசு சங்கடப்படும்."

நானும் அதையேதான் யுவராணியிடம் சொன்னேன். பூந்தமல்லிக்கு ஆம்புலன்ஸில் அவளோடு நானும் போனேன். தனியாக விட மனசு வரவில்லை.

அவர்கள் வீட்டுப் பின்கட்டில் பள்ளிவாசல் ஆட்கள் குளிப்பாட்டத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார்கள். வஹீதுன்னிசா கணவரின் தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். குனிந்து இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மணிக்கட்டைப் பார்த்துவிட்டார்.

"என்னா இது?"

"ட்ரிப்ஸ் போட்டதும்மா," என்று பைசல் முந்திக்கொண்டான்.

"ட்ரிப்ஸ் இல்லம்மா," என்றாள் யுவராணி. "கைய கட்டி வெச்சிருந்தாங்க. என் டியூட்டில கட்டல. நான் இல்லாதப்போ கட்டிட்டாங்க."

அவள் இடுப்பில் கிள்ளினேன். எங்கே நிறுத்தினாள்?

வஹீதுன்னிசா கத்தவில்லை. "கட்டிப்போடுற அளவுக்கு அவரு யார என்னா பண்ணாரு?"

"மூக்குக் குழாய புடுங்கிடுவாரும்மா."

"எப்டிப் புடுங்குவாரு? காட்டு."

யுவராணி அந்த வீட்டுச் சுவரை இடது உள்ளங்கையால் தட்டினாள். கையை முகத்துக்குக் கொண்டுபோய் மேலிருந்து கீழே இழுத்தாள். பிறகு அதே கையால் வலது கையைத் தடவிக் காட்டினாள்.

அந்த அம்மாவின் முகம் மாறிப்போனதை நான் பார்த்தேன். "யா அல்லாஹ்," என்றார். "அது தயம்மும்."

எங்களுக்குப் புரியவில்லை.

"தொழுவுறதுக்கு முன்னாடி தண்ணில கை, கால், மொகம் கழுவணும். தண்ணி தொட முடியாத நோயாளி, மண்ணையோ செவுத்தையோ தட்டி மொகத்தையும் கையையும் தடவிக்கினா போதும். அதான் அது. தொழுவப் பாத்துக்கீறாரு. நேரங்காலம் தெரியாம, நாள் பூரா தொழுவப் பாத்துக்கீறாரு."

பைசல் வாசற்படியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் அவன் கண்ணிலேயே பட்டிருக்கும். வரதனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது, அவனுக்குத் தெரியுமே. அவன் மேல் வந்த கோபம் அவன் அழுததைப் பார்த்ததும் எனக்குப் போய்விட்டது.

வஹீதுன்னிசா யுவராணியைக் கிட்டே இழுத்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நீ கட்டலன்னு சொன்னியே கண்ணு. நீ நல்லா இருப்ப. உன் டியூட்டில கை கட்டாமத்தானே இருந்துது? அப்போ மொகம், கை எல்லாம் தடவி முடிச்சிருப்பாரு இல்ல? ஒரு வாட்டியாவது முடிச்சிருப்பாரு இல்ல?"

ஆமான்னு சொல்லுடி. ஒரே ஒரு ஆமா. அதில் யாருக்கு என்ன நஷ்டம், அந்த அம்மா அதை வைத்துக்கொண்டு மிச்ச காலத்தை ஓட்டிவிடுவாரே என்று மனசுக்குள் அவளைக் கெஞ்சினேன்.

"இல்லம்மா," என்றாள். "ஒரு வாட்டிகூட முடிக்கல. செவுத்துல கை பட்டதுமே நான் புடிச்சுப்பேன். எப்பவும் நான் புடிச்சுப்பேன்."

வஹீதுன்னிசா அவள் கைகளை விட்டுவிட்டார்.