நான்கு மணி நேர ஓட்டம்

ஆசீரைப் போல ஓர் அழுத்தக்காரனை நான் பார்த்ததில்லை. அரியமங்கலத்தில் எங்கள் பட்டறையில் அஜிட்டேட்டர் செய்கிறோம். பெயிண்ட், பசை, மருந்து என்று தொட்டி தொட்டியாகக் கலக்கும் இயந்திரம். மேலே மோட்டார், கீழே இறங்கும் நீளத் தண்டு, நுனியில் இறக்கைகள். அனுப்புவதற்கு முன் தண்ணீர்த் தொட்டியில் நான்கு மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டிப் பார்ப்போம். ஆசீர் நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையைக் கியர்பாக்ஸில் வைத்து, கைப்பிடியில் காதை ஒட்டிக்கொண்டு நிற்பான். பேரிங் இலேசாக முனகினாலும் பிடித்துவிடுவான். ஆரம்பித்த காதே முடிக்க வேண்டும். நடுவில் ஆள் மாறினால் சத்தம் மாறியது தெரியாது என்பது எங்கள் நம்பிக்கை.

அவன் மனைவி லின்சி, புத்தூரில் நர்ஸாக இருந்தவள், வீடு கட்டவென்று குவைத்துக்குப் போய் நான்கு வருஷம். வீடு எழும்பிவிட்டது. அதில் இவன் ஒருத்தன். வேலை முடிந்து மேலப்புதூரில் இருக்கும் அந்த வீட்டுக்கு நேராகப் போகமாட்டான். புத்தூரைச் சுற்றி, முன்பு அவளை ஏற்றிக்கொள்ளும் பஸ் ஸ்டாப்பில் வண்டியை ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டுத்தான் போவான். பின்னால் உட்கார்ந்திருக்கும் எனக்குப் பாவமாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும். இந்த ஏக்கத்தில் கால்வாசியை அவளிடம் சொன்னால் என்ன? அவள் போனில் கேட்டால், "இங்க எல்லாம் நல்லா இருக்கு, கவலைப்படாத" என்பான்.

போன மாதம் ஒரு நாள், ஓட்டத்தின் நடுவில் லின்சி கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"இன்னும் ரெண்டு வருஷம் வேலை பாக்கக் கையெழுத்துக் கேக்குறாங்க. இன்னிக்கே சொல்லணுமாம். நான் என்னங்க செய்யட்டும்?"

"டிரையல் ஓடுது லின்சி. முடிஞ்சதும் கூப்பிடறேன்."

"நான் பாத்துக்கறேன், போய்ப் பேசுடா!" என்று கத்தினேன்.

"புது பேரிங்கு. காது மாறக் கூடாது" என்றான். ஸ்க்ரூடிரைவரைப் பிடுங்கப் போனேன், கொடுக்கவில்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது.

மூன்று மணிக்கு மோட்டாரை நிறுத்தினோம். ஒரு குறையும் இல்லை. கையைக்கூடத் துடைக்காமல் ஸ்பீக்கரிலேயே அவளைக் கூப்பிட்டான். அவளை ஹலோ சொல்லக்கூட விடவில்லை.

"வேணாம் லின்சி. வந்துடு. நீ இல்லாம என்னால முடியல."



"இத ஒரு தடவ சொல்லமாட்டீங்களான்னு நாலு வருஷமா காத்துக்கிட்டிருந்தேங்க" என்றாள் லின்சி. "இப்பத்தான் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு வெளியில வர்றேன்."