பதரில் கிடந்த நட்சத்திரம்

வீரவநல்லூரைத் தாண்டியதும் ரயில் ஜன்னலில் அவித்த நெல்லின் வாடை ஏறியது. வெதுவெதுப்பான, லேசாகப் புளித்த வாடை. பாளையங்கோட்டையில் படித்த நாளில், ஊருக்குப் போய்த் திரும்பும் செல்வினின் சட்டை இப்படித்தான் மணக்கும். அவனைப் பார்க்கத்தான் போகிறேன்.

காலை ஏழு மணிக்கு நெல்லையில் ஏறினேன். அம்பாசமுத்திரத்துக்கு டிக்கெட் பத்து ரூபாய். எதிரே இருந்த அண்ணாச்சி, "என்ன சோலியா போறீய?" என்றார்.

"நட்சத்திரம் பாக்க."

"பகல்லயா? நல்லா பாத்தீய, போங்க!"

எட்டேகாலுக்கு அம்பை. செல்வின் தன் அக்கா வீட்டு அலமாரியைக் கலைத்துக்கொண்டிருந்தான். தொலைநோக்கி ஒரே இரவில் லட்சம் நட்சத்திரங்களைப் படம்பிடித்துவிடும். கண்ணால் பார்த்து மாளாது. அவற்றைச் சலிக்கும் நிரல் எழுதுவதுதான் இவன் பிழைப்பு. ஒரே ஒருமுறை மங்குகிற நட்சத்திரத்தைக் கருவிக் கோளாறு என்று தள்ளச் சொன்னவனும் இவனே. தள்ளியதெல்லாம் 'பதர்' என்ற கோப்புறையில் விழும். போன மாதம் ஒரு நட்சத்திரம் மங்கியது. ஒன்பது வருடத்துக்கு முன்பும் அது மங்கிய ஞாபகம் இவனுக்கு. பழைய பதிவு கிடைத்தால், அதை ஏதோ ஒன்று சுற்றிவருகிறது எனலாம். கிடைக்காவிட்டால் இதுவும் பதர்தான். அந்தப் பதரின் ஒரே நகல், இங்கே போட்டுவிட்டுப் போன ஹார்டு டிஸ்க்கில்.

"கறுப்பா செங்கல் மாதிரி இருக்குமே, அதா?" என்றார் ஜெபராணி அக்கா. "புறவாசக் கதவு காத்துல அடிக்குதுன்னு முட்டுக் குடுத்திருக்கேன்."

செல்வின் தலையில் கை வைத்தான். நான் சிரித்துவிட்டேன்.

தூசி தட்டி மடிக்கணினியில் சொருகினான். உள்ளே ஏதோ முனகியது. நகலெடுக்க மூன்று மணி நேரம் ஆகும் என்றது திரை. துண்டை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனோம். தாமிரபரணி இடுப்பளவு ஓடியது. தண்ணீருக்கு மேலே மலை, மலைக்கு மேலே வெறும் நீலம். அந்த நீலத்துக்குப் பின்னால் இப்போதும் நட்சத்திரங்கள் எல்லாம் அங்கேயேதான் இருக்கின்றன என்று நினைத்ததும் உடம்பு சிலிர்த்தது.

"காப்பி பாதியில நின்னுட்டா என்னலே செய்வ?" என்றேன்.

"வாய மூடிட்டு முங்கும் வே."

ஒரு மணிக்குத் திரும்பினோம். திரையில் அந்த நட்சத்திரத்தின் பழைய ஒளி நேர்கோடாய் ஓடி, ஓரிடத்தில் பள்ளமாய் இறங்கி ஏறியது. போன மாதத்துப் பள்ளத்தை அதன்மேல் வைத்தான். அச்சாகப் பொருந்தியது. அவன் என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

மூன்றரைக்குக் கிளம்பினோம். டிஸ்க்கை ஈரத்துண்டு படாமல் ஒரு சட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்தான் செல்வின். புறவாசலில் கதவு படாரென்று அடித்தது.

அக்கா வாசல்வரை வந்தார். "ஏலே, சோலி முடிஞ்சதும் அத மறக்காம அனுப்பு. கதவு சும்மா அடிச்சுக்கிட்டே கெடக்கு."