மாமாவுக்கு எடுத்த ரூம்

ஆஸ்பத்திரிக் கருவிகள் விற்பது என் வேலை. மாதத்தில் பாதி நாள் வெளியூரில், எப்போதும் ஒரே கம்பெனி ஓட்டல்களில்தான் தங்குவேன். வாடகை அலுவலகத்தின் பாடு. அதற்குச் சேரும் பாயின்ட் என் பாடு; நிறையச் சேர்ந்தால் ஒரு ரூம் இலவசம். மற்றவர்கள் நிலம் வாங்கினார்கள், நான் பாயின்ட் சேர்த்தேன். கோல்டு மெம்பர் ஆனதைப் பாறசாலை வீட்டில் அறிவித்தபோது அம்மா, "அத வச்சு சீனி வாங்க ஒக்குமா?" என்று கேட்டாள்.

தங்கையின் கல்யாணம் வந்தது. பெண்ணைக் கைபிடித்துப் பந்தலுக்குக் கூட்டிவர வேண்டியவர் தாய்மாமா. அம்மாவின் ஒரே தம்பி, கோயம்புத்தூரில் இருக்கிறார், முழங்கால் வலிக்காரர். எங்கள் வீட்டிலோ ஒரே குளியலறை. என் மூளை சும்மா இருக்குமா? பாயின்ட்டை எல்லாம் கொட்டி, வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் திருவனந்தபுரத்தில், லிஃப்ட் உள்ள ஓட்டலில் மாமாவுக்கு ஒரு ரூம் எடுத்தேன். ரசீதை அவர் வாட்ஸாப்பில் போட்டு, "கோல்டு மெம்பரின் அன்பளிப்பு" என்று ஒரு வரியும் சேர்த்தேன்.

மாமா எனக்குப் பதில் போடவில்லை. அம்மாவைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் இருந்ததால் என் பங்கு எனக்கும் கிடைத்தது.

"அக்கா, உனக்க வீட்டுல எனக்கொரு பாய் விரிக்க இடமில்லியா? நான் பொண்ணுக்க மாமனா, விருந்துக்காரனா? செரி, முகூர்த்தத்துக்கு வாறேன், சோறு திண்ணுட்டுப் போறேன். கைபிடிக்க வேற ஆளப் பாரு."

அம்மா அழுதுவிட்டாள். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் காய்வெட்டு. அவியலுக்கும் எரிசேரிக்கும் உள்ள காயைச் சொந்தக்காரர்கள் முற்றத்தில் வட்டமாக உட்கார்ந்து வெட்டுவார்கள். சமையல்காரர் ஆள் வைத்து வெட்டிக்கொள்வார்தான். ஆனால் பந்தியில் ஊரே உட்காரும். காய்வெட்டில் உட்காருவது வீட்டு ஆட்கள் மட்டும். அதில் முதல் ஆளாக உட்கார வேண்டிய மாமாவைத்தான் மெத்தையில் படுத்து டிவி பார்க்கச் சொல்லியிருந்தேன்.

ஓட்டலைக் கூப்பிட்டேன். "சாரே, பாயின்ட் ரூம் கேன்ஸல் செய்யான் பற்றில்லா" என்றது ஒரு இனிமையான மலையாளக் குரல். ரத்து செய்ய முடியாதாம்.

வேறு வழியில்லாமல் மாமாவிடம் பொய் சொன்னேன். "மாமா, அது எனக்கு எடுத்த ரூமாக்கும். தெரியாம உங்களுக்கு வந்துட்டு."

"அன்பளிப்புன்னு எழுதியிருந்தியே?"

"அது... எனக்கு நானே போட்டது மாமா."

"அப்பிடியெங்கி செரி. நான் முந்தின நாளே வாறேன்" என்றார்.

சொன்னபடி வந்தார். பையை என் அறையில், என் கட்டிலில் வைத்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எலே, உனக்கு ரூமுக்கு நேரமாகல்லியா?"

போகாமல் எப்படி? முற்றத்தில் பூசணியும் சேனையும் வந்து இறங்கும் நேரத்தில், சொந்தத் தங்கை கல்யாணத்துக்கு வெளியூர்க்காரன் மாதிரி பெட்டியோடு கிளம்பினேன். ஓட்டலில் என் பெயர் எழுதிய அட்டையும் ஒரு தட்டுப் பழமும் வைத்திருந்தார்கள். நாலு தலையணைக்கு நடுவில் உட்கார்ந்திருந்தபோது தங்கை வீடியோ அனுப்பினாள். மாமா கைலியை மடித்துக் கட்டிப் பூசணி வெட்டுகிறார். பக்கத்தில் அம்மா, கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரிக்கிறாள். அறைச் சாவியைக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். வீட்டுக்குப் போகும் வழியில் பாலராமபுரம் நெரிசலில் நின்றபோது, காய் தீர்ந்துவிடுமோ என்றுதான் பயம்.

தீரவில்லை. என்னைக் கண்டதும் முற்றமே சிரித்தது. "கோல்டு மெம்பருக்கு மெத்தை பிடிக்கல்லியோ மக்கா?" என்றார் மாமா. பிறகு நகர்ந்து இடம் விட்டார்.

"அக்கா, சேனைய இவன் வெட்டட்டு. நாளைக்குப் பொண்ணுக்க கை பிடிக்க உள்ளதாக்கும், எனக்குக் கை அரிக்கப்படாது."

அம்மா ஒரு கத்தியை எடுத்து என் கையில் கொடுத்தாள்.