இன்னொரு கை எங்கே போனது

வரக்காப்பொலையில் மகளோடு நுவரெலியா பஸ்ஸுக்காக நின்றபோது காற்று என் குடையைப் புரட்டிவிட்டது. உடைந்த கம்பியைத் தொட்டதும் தெரணியகலைப் பக்கம் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்து லயத்தின் வரிசை வீடு நினைவில் வந்தது.

மழை பெய்தால் ரப்பர் மரத்தில் பால்வெட்டு வேலை இல்லை, அம்மா வீட்டில் இருப்பாள். அப்படியொரு நாள், கைக்குழந்தையான தம்பி என் ஒரே சுவெட்டரின் நூலைப் பிடித்து இழுத்தான். ஒரு வரி அவிழ்ந்தது. நூல் எந்த வழியாகப் போகிறது என்று பார்க்க, மிச்சத்தையும் அம்மாவே பிரித்தாள். நான் அழுதேன்.

"இரு புள்ள, திரும்பப் பின்னித் தாரேன்."

பழைய குடையின் இரண்டு கம்பிகளைப் பின்னல் ஊசிகளாகக் கல்லில் தேய்த்து எடுத்தாள். காலால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே மழைநாளெல்லாம் பின்னினாள். சோறு அடிப்பிடித்த வாசம்கூட அவளுக்கு எட்டவில்லை. கடைசியில் வந்த சுவெட்டருக்கு ஒரு கைதான் இருந்தது. நூல் தீர்ந்துவிட்டது.

"அதே நூல்தானேம்மா, மத்த கை எங்க போச்சு?"

"ரொம்ப இறுக்கிப் பின்னிட்டேன் போல" என்றவள், மறுபடி முழுவதையும் பிரித்தாள். முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

"உடைஞ்ச குடை எதுக்கும்மா, தூக்கிப் போட்டுட்டு வாங்க" என்றாள் பக்கத்தில் நின்ற மகள்.

நான் குடைக்கம்பியை விடாமல், அவள் போட்டிருந்த சுவெட்டரின் ஓரத்தில் நூல் நுனியைத் தேடிக்கொண்டிருந்தேன்.