அண்ணன் வாசித்த ஆட்டம்

அண்ணனைப் பேச வைப்பதற்காக ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டை வாங்கினேன் என்று சொன்னால் ஆலங்குளத்தில் என் ஆபீஸே சிரிக்கும். அதனால் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் சொந்தக்காரர்கள் சொன்ன வைத்தியங்களைப் பார்க்கும்போது இது ஒன்றும் அவ்வளவு மோசமில்லை.

வளைகுடாவில் ஒரு ஹோட்டலில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவன் அண்ணன். பக்கவாதம் வந்து, வேலை செய்த இடத்திலேயே விழுந்தான். வலது கையும் காலும் போயின, கூடவே பேச்சும் போனது. அவன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவும் அப்பாவும் இப்போது இல்லை. விமானத்தில் கொண்டுவந்து இறக்கியவனைத் தென்காசியில் என் வீட்டு முன்னறையில் கட்டில் போட்டுப் படுக்க வைத்தேன். என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை முகம் சுளிக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும்.

ஐந்தருவியில் தலையைக் கொடுத்தால் நரம்பெல்லாம் இளகிவிடும் என்று தெருவில் ஓர் அண்ணாச்சி சொன்னார். கொஞ்சம் நடக்கத் தொடங்கியிருந்த நேரம் அது. சீசன் கூட்டத்தில் அவனைத் தாங்கலாகக் கூட்டிப் போனோம். வீட்டுக்காரர் பிடித்துக்கொள்ள, கம்பியைப் பற்றியபடி நின்றான். தண்ணீர் விழுந்தது, அவ்வளவுதான். துவட்டிவிடும்போது எண்ணெய் வழிய நின்ற ஒருவர், “அடப்பாவமே, சின்ன வயசா இருக்காரே” என்றார். “உம்ம சோலியப் பாரும்” என்று வள்ளென்று விழுந்தேன். வண்டியில் வரும்போது அழுதேன். அண்ணன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான்.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. நாங்கள் பேசுவது அவனுக்குள் போகிறதா, இல்லையா? சோறு வேணுமா என்றாலும் தலையை ஆட்டுவான், வேண்டாமா என்றாலும் ஆட்டுவான். டாக்டர், “கொஞ்சம் புரியலாம், உறுதியாச் சொல்ல முடியாதும்மா” என்றார். பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தாள். பசு, வாளி, வாழைப்பழம் என்று படம் படமாக அட்டைகளைக் காட்டி “பசு எங்க இருக்கு, தொட்டுக் காட்டுங்க” என்பாள். அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வான். அட்டைகளை நீட்டி நீட்டி ஓய்ந்துபோய் ஒருநாள் சொன்னாள்: “அக்கா, முன்னாடி அவருக்கு எதப் பேசப் பிடிக்கும்? அத எடுத்துப் பாருங்க.”

எதைப் பேசப் பிடிக்கும் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

நான் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் அண்ணன் பழைய பாகங்களை வாங்கி ஒரு கம்ப்யூட்டரைத் தானே மாட்டி வைத்திருந்தான். அவனுடைய சிநேகிதன் ஒருவன் கொல்லத்திலிருந்து செங்கோட்டை ரயிலில் ஒரு விளையாட்டைக் கொண்டுவந்தான், கள்ளத்தனமாகப் பதிந்த சி.டி.க்களில். மந்திரவாதி, குள்ளன், வில்லாளி என்று ஆறு பேர் கூட்டாகச் சேர்ந்து காடு மலை குகை எல்லாம் அலைகிற கதை. வழியில் யாரைப் பார்த்தாலும் நின்று பேச வேண்டும். பேச்செல்லாம் இங்கிலீஷில் கீழே ஓடும். அண்ணன் இங்கிலீஷ் மீடியம், நான் தமிழ் மீடியம். அவன் வாசித்துத் தமிழில் சொல்வான், நான் கேட்பேன். சாரல் காலத்தில் வீடு முழுக்க விருந்தாளிகள் வந்து அருவிக்குப் போவார்கள். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். “ஊரு உலகமெல்லாம் இங்கன குளிக்க வருது. இதுக ரெண்டும் பொட்டி முன்னால குத்தவச்சிருக்குதுக, மூதேவிக.”

அண்ணன் வாசிப்பதைக் கேட்டிருக்க வேண்டும்! பாலத்தை மறித்து நின்ற குள்ளன் ஆலங்குளத்துக்காரன் மாதிரிப் பேசுவான். “ஏ தாயி, எம்பொண்டாட்டி கோவிச்சிட்டுத் தென்காசியில அவ அம்ம வீட்டுக்குப் போயிட்டா. நான் கஞ்சி குடிச்சு ரெண்டு நாளாச்சு. அந்தக் கல்லு மூணையும் கொண்டாந்தியன்னா அவ மனசு எளகும்லா?” காட்டில் இருந்த சூனியக்காரி செங்கோட்டையில் வாக்கப்பட்டவள், நடுவில் நடுவில் மலையாளம் பேசுவாள். கல்லை வாங்கிக்கொண்டு எங்கள் கூட்டத்திலேயே சேர்ந்துவிட்ட அந்தக் குள்ளன் கடைசிச் சண்டையில் செத்துப்போனபோது நான் சோறு தின்னாமல் அழுதேன். அவன் பொண்டாட்டிக்கு யார் போய்ச் சொல்வார்கள் என்று அழுதேன். “ஏட்டி, லூசு, வெளாட்டுட்டி இது” என்று அண்ணன் என் தலையில் தட்டினான். அவன் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

அந்த வரிசையில் வந்த மூன்று விளையாட்டுகளையும் ஒன்றாகச் சேர்த்து, படங்களைப் பளபளவென்று ஆக்கி இப்போது இணையத்தில் விற்கிறார்கள். வாங்கி, என் தொடுதிரை லேப்டாப்பில் இறக்கினேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாடு முடிந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு வைத்தேன். அந்தப் பழைய இசை வந்ததும் அண்ணன் முகத்தைத் திருப்பினான். பசுவுக்கும் வாளிக்கும் திரும்பாதவன் திரும்பிவிட்டானே!

இத்தனை வருஷ ஆபீஸ் வேலையில் எனக்கும் இங்கிலீஷ் வந்துவிட்டது. பாலத்துக்குப் போனேன். குள்ளன் நின்றான். அவன் சொன்னதை வாசித்தேன். பாலம் மூடியிருக்கிறது, மூன்று கற்களைக் கொண்டுவந்தால் திறக்கும். அவ்வளவுதான். திரும்ப அழுத்தினேன், அதே இரண்டு வரி. பொண்டாட்டி எங்கே? கோபித்துக்கொண்டு போனது எங்கே? புதிதாகச் செய்ததில் வெட்டிவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, பழைய விளையாட்டின் வசனங்களை இணையத்தில் தேடிப் பார்த்தேன். அன்றைக்கும் அதே இரண்டு வரிதான். சூனியக்காரிக்கும் ஒரு கதையும் இல்லை, வந்தவர்களுக்கு மருந்து விற்கிறாள்.

எல்லாம் அண்ணன் கட்டியது. வாயில் வந்ததை அப்படியே அடித்து விட்டிருக்கிறான், படுபாவி. அதை நம்பி நான் சோறு தின்னாமல் கிடந்தேன். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “ஏண்ணே, இப்படியா புளுகுவ? குள்ளனுக்குக் கல்யாணமே ஆகலையாம்லா!” என்று அவன் தோளைக் குலுக்கினேன். அவன் சிரிக்கவில்லை. அவனைப் பார்த்ததும் எனக்கும் சிரிப்பு நின்றுவிட்டது. நான் திரும்பப் போக நினைத்த அந்தக் கதை இந்த உலகத்தில் ஒரே ஓர் ஆளின் தலைக்குள்தான் இருக்கிறது, அந்த ஆளுக்கு வாய் இல்லை. காசு கொடுத்து வாங்கினது வெறும் படங்கள்.

அவன் சொன்ன மாதிரியே நான் சொல்லிப் பார்த்தேன். வேண்டுமென்றே தப்பாகவும் சொன்னேன், பொறுக்காமல் திருத்துவான் என்று. “குள்ளன் பொண்டாட்டி சென்னைக்காரி” என்றேன். அவன் கழுத்து நரம்பு புடைத்தது. வாய் திறந்தது. “த்… த்…” என்று ஒரு சத்தம். “சொல்லு, சொல்லுண்ணே, வருது!” என்று கத்தினேன். முகம் சிவந்து, எச்சில் வழிந்து, அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. இடது கையால் கட்டில் விளிம்பை ஓங்கி அடித்தான். துண்டால் வாயைத் துடைத்துவிட்டேன். அடுத்த இரண்டு ஞாயிறு லேப்டாப்பைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அதற்கடுத்த ஞாயிறு வேறு மாதிரி செய்தேன். அந்த விளையாட்டில் எதிராளி பேசி முடித்ததும், நாம் சொல்லக்கூடிய பதில்கள் கீழே வரிசையாக வரும். ஒன்றைத் தொட்டால் அதையே நம் ஆள் சொல்வான். “நீ பேச வேண்டாம்ண்ணே. எதச் சொல்லணுமோ அதத் தொடு, போதும்” என்று திரையை அவன் இடது கைப்பக்கம் தள்ளி வைத்தேன்.

சத்திரக்காரன் வந்தான். மூன்று பதில்கள் இருந்தன. ஊரில் என்ன செய்தி என்று கேட்கலாம், தங்க இடம் கேட்கலாம், மூன்றாவது, ‘இனிப் பேச ஒன்றுமில்லை, போகிறேன்.’ அண்ணன் கை மெல்ல எழுந்தது. விரல் மூன்றாவதைத் தொட்டது.

எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. தொட்டுவிட்டான்! “வந்ததும் வராததுமா போறேங்கியே” என்று கேலி செய்தேன். அடுத்து ஒரு பூசாரி. அங்கேயும் கடைசிப் பதில் அதுதான், அதையே தொட்டான். கைக்குப் பக்கத்தில் இருப்பதைத் தொடுகிறான், வாசித்துத் தொடவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அடுத்து ஒரு காவல்காரன். இவனிடம் பதில்கள் ஐந்து, விடைபெறும் பதில் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. அண்ணன் விரல் கீழே நின்றது. கண்கள் ஒவ்வொரு வரியாக நகர்ந்தன. பிறகு விரல் மெல்ல மேலே ஏறி, ‘போகிறேன்’ என்ற அந்த முதல் வரியில் போய் நின்றது.

அழுத்திவிட்டு விரலை எடுக்கவில்லை. என்னைப் பார்த்தான். விமானத்தில் வந்து இறங்கிய நாளிலிருந்து அப்படி நேராக அவன் என்னைப் பார்த்ததில்லை.

அவனுக்கு எல்லாம் புரிகிறது. இங்கிலீஷ் புரிகிறது, நாங்கள் பேசுவது புரிகிறது, பசு எது வாளி எது என்று தெரியும். ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்த சொந்தமெல்லாம் இந்தக் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து, “இப்படிக் கெடந்து சீரழியதுக்கு அங்கனயே போய்ச் சேர்ந்திருக்கலாம்” என்று பேசியது அத்தனையும் புரிந்திருக்கிறது. இதைத் தெரிந்துகொள்ளத்தான் நான் இத்தனை நாளும் கிடந்து தவித்தேன்.

அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரர், “மச்சான் தொட்டுக் காட்டுதாரா? என்ன சொல்லுதாரு?” என்று குரல் கொடுத்தார்.

“ஒண்ணும் சொல்லல” என்றேன். சொன்ன பிறகுதான், அதையும் அண்ணன் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான் என்பது உறைத்தது.