காலை நீட்டும் மாப்பிள்ளை

மருந்து ஆராய்ச்சிக் கூடத்தின் கேட் வாசலில் கோரிக்கை அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பதே பிழைப்பாகிப் போனதால் அவளுக்குக் கேட்டக்கா என்றே பெயர் விழுந்துவிட்டது. அதற்கு முன்பு அதே கேட்டுக்கு உள்ளேதான் வேலை. ரப்பர் பூட்ஸும் தண்ணீர்க் குழாயுமாகப் பல வருஷம் நாய்க்கூண்டு கழுவினாள். உள்ளே சம்பளம் வாங்கித் தின்றவள் வெளியே நின்று கத்துகிறாளே என்று பழைய கூட்டாளிகளுக்கு ஆத்திரம். தினமும் கூட உட்கார்ந்து சாப்பிட்ட காவலாளி இப்போது அவளைக் கண்டால் வானத்தில் எதையோ தேடுகிறார்.

அவள் கேட்டது ஒன்றும் பெரிதில்லை. சோதனை முடிந்த நாய்களைக் கொல்லாதீர்கள், வெளியே விடுங்கள், வளர்க்க ஆளிருக்கிறது. வாய் எல்லா நாய்க்காகவும் பேசினாலும் மனசு முழுக்க ஒரே ஒரு நாய்தான். காதில் பச்சை குத்திய எண்ணைத் தவிர அதற்குப் பெயர் கிடையாது. நாய்களுக்குப் பெயர் வைக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். ஆனால் இரண்டு தரம் கூப்பிட்டு உபசரித்தால்தான் தட்டுப் பக்கம் திரும்பும் பிறவியை வேறெப்படி அழைப்பதாம்? மாப்பிள்ளை என்றாள்.

ஊசி போடும் நாளில் புது நாய்கள் படும் பாடு பார்க்கச் சகிக்காது. அவை துள்ளும், இரண்டு பேர் அமுக்குவார்கள், நரம்பு அகப்படாமல் திரும்பத் திரும்பக் குத்துவார்கள். கூண்டு கழுவிய கையோடு ஒவ்வொன்றின் பக்கத்திலும் குந்தி, பிஸ்கட் துண்டைக் காட்டி, முன்னங்காலை நீட்டக் கற்றுக்கொடுத்தாள். "நீட்டு கண்ணு, ஒரு நிமிஷந்தான்" என்பாள். மாப்பிள்ளை கெட்டிக்காரன். வெள்ளைக் கோட்டைக் கண்டாலே தானாகக் காலை நீட்டிவிட்டு முகத்தை மட்டும் திருப்பிக்கொள்ளும். ஒரே குத்தோடு வேலை முடிந்துவிடும். அந்த இடத்தில் தான் செய்த ஒரே புண்ணியம் அது என்று அவள் நம்பியிருந்தாள்.

சோதனை முடிந்த பக்கத்து அறை நாய்கள் மொத்தமும் ஒரு நாள் காலையில் இல்லாமல் போயிருந்தன. அன்றே வேலையை விட்டாள். வக்கீலம்மா ஒருவர் சேர்த்த சின்னக் கூட்டத்தோடு கேட்டில் போய் நின்றாள். மனுஷனுக்கே நாதியில்லாத ஊரில் இவள் நாய்க்கு வக்காலத்து வாங்கப் போகிறாளாம் என்று வெல்டரான புருஷன் முணுமுணுத்தார். முணுமுணுத்தபடியே அட்டையை நிறுத்த ஒரு இரும்பு ஸ்டாண்டும் அடித்துக் கொடுத்தார். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார் வக்கீலம்மா. பார்த்தவரைக்கும் எறும்புதான் தேய்ந்தது.

கடைசியில், பேர் கெட்டுவிடுமென்று பயந்து நிர்வாகம் பாதி நாய்களை விட ஒப்புக்கொண்டது. வேன் வெளியே வந்தது. கேட்டக்கா ஒவ்வொரு கூண்டாகக் குனிந்து பார்த்தாள். எல்லாம் உறுமின, கம்பியைக் கடித்தன, மூலையில் ஒடுங்கி நடுங்கின. மாப்பிள்ளை இல்லை.

ஒப்படைக்க வந்திருந்த நாய் டாக்டரிடம், காலை நீட்டுமே அந்த நாய் எங்கே என்று கேட்டாள்.

"அவனை விடமாட்டாங்கக்கா. அடங்காததா பாத்து அனுப்பச் சொல்லிட்டாங்க. அவன்னா தானா காலை நீட்டுறான், ஒரு ஆளே போதும். நீங்க பழக்குனது எல்லாமே உள்ளதான் இருக்கு."

குத்திக்காட்டச் சொல்லவில்லை அவர், பாராட்டாகத்தான் சொன்னார். மற்றவர்கள் கைதட்டினார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள், ஜெயித்துவிட்டோம் என்று கலைந்தார்கள். வக்கீலம்மாவுக்கு அடுத்த வழக்கு வந்துவிட்டது. மீதி நாய்களைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. ஊசி போடும் நேரத்துக்கு அவள் மட்டும் போய் நிற்கிறாள். இந்நேரம் நீட்டியிருக்கும் என்று நினைக்கிறாள், அழுகிறாள். காவலாளி வானத்தைப் பார்க்கிறார்.

அவள் பங்குக்கு வந்த நாய் வந்த வாரமே புருஷன் கையைப் பதம் பார்த்தது. ரத்தத்தைக் கழுவிவிட்டுத் துணி சுற்றிக் கட்டினாள்.

"இதையும் கொஞ்சம் பழக்கேன். உனக்குக் கைவந்த கலையாச்சே" என்றார் அவர்.

"வேணாங்க," என்றாள். "இது கடிக்கட்டும்."