மணி கேட்கும் இன்ஜினியர்

தொண்ணூறுகளின் கடைசியில், பரளச்சிப் பக்கம் ஒரு டெலிபோன் டவரில் நான் டெக்னீஷியன். செயற்கைக்கோளைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும் துல்லியமான கடிகாரம் ஒன்று அங்கே இருந்தது. அதைச் சீர்செய்ய வந்தார் அந்த இன்ஜினியர். கையில் பளபளக்கும் வாட்ச். ஆனாலும் எதிர்ப்படுகிறவரிடமெல்லாம் மணி கேட்பார். எவன் என்ன சொன்னாலும் உடனே முள்ளைத் திருப்பிக்கொள்வார்.

கடிகாரம் எவ்வளவு வேகமாகத் திருத்திக்கொள்ள வேண்டும் என்ற அளவை, வந்ததும் வராததுமாக ஏற்றினார். நிதானமாக ஓடிய கடிகாரம் முன்னும் பின்னுமாக ஆடத் தொடங்கியது.

"குறைங்க சார். மேலருந்து வார சிக்னலே நடுங்குது. அந்த நடுக்கத்தையெல்லாம் இதுவும் புடிச்சுக்கிருது" என்றேன்.

"சேட்டிலைட்டு பொய் சொல்லுமாய்யா?" என்று இன்னும் ஏற்றினார்.

சாயங்காலம் அவரை பஸ் ஏற்றிவிட்டேன். கண்டக்டரிடம் மணி கேட்டு முள்ளைத் திருப்பினார். பக்கத்து சீட்டுக்காரர் வேறு மணி சொன்னார், மறுபடியும் திருப்பினார்.

திரும்பி வந்து அளவைக் குறைத்தேன். கடிகாரத்தின் ஆட்டம் நின்றது. அந்த ஆளுக்கு எதற்கு ஒரு வாட்ச் என்பதுதான் இன்றுவரை எனக்குப் புரியவில்லை.